செத்த கடனுக்கு ஒரு காசு

"சூரியன் அணைந்து போகலாம், கடல் வற்றிப் போகலாம், மலைகள் மண்ணோடு மண்ணாகலாம். ஆனால் ஒரு மனிதன் வாங்கிய கடனுக்கு மட்டும் மரணம் என்பதே கிடையாது!"

இந்த மாபெரும் உண்மையைச் சோபா தைக்கும் கடையின் நடுவில் நின்று அறிவித்தவர் ஒரு கடன் மீட்பு நிறுவனத்தின் வட்டார மேலாளர். அறிவித்த களைப்பில் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்குக் கை உண்டு, கால் உண்டு, முதுகு உண்டு. உட்காரும் இடம் மட்டும் இல்லை. மேலே விரித்திருந்த துணிக்குக் கீழே ஸ்பிரிங்கும் கிடையாது, ஸ்பாஞ்சும் கிடையாது. தளர்ந்துபோன நாலைந்து நாடாப் பட்டைகள்தான் தொங்கிக்கொண்டிருந்தன. மேலாளர் அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல், உள்ளே போனார். போய் முடிந்தபோது அவருடைய முழங்கால்கள் காதுகளிடம் ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தன.

"அதுல உட்காராதீங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்," என்றாள் கடைக்காரி. "நீங்க சூரியனை அணைச்சிட்டு இருந்தீங்க. குறுக்கே பேசக் கூடாதேன்னு விட்டுட்டேன்."

அவளைத் தெருவில் எல்லாரும் கத்திரி என்பார்கள். துணி வெட்டுவதும் தைப்பதும் அவள் வேலை. பேச்சும் வெட்டுகிற ஜாதிதான். அவள் கணவருக்கு மெத்தை என்று பெயர். ஸ்பிரிங் கட்டுவது, ஸ்பாஞ்சு வைப்பது, ஆணி அடிப்பது அவர் பொறுப்பு. ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். யார் வந்து அழுத்தினாலும் அமுங்கிவிடுவார், பெயர் அதற்காகவும்தான். ஊரிலுள்ள இருக்கைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற அந்தக் கடையில் சொந்த நாற்காலி மட்டும் வருஷக்கணக்காக நோயாளி. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்கிற வரிசையில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கத்திரி அன்று காலையிலிருந்தே சூடாக இருந்தாள். நூல் வாங்கப் போன மெத்தை, மீதிச் சில்லறையில் ஒரு காசு குறைவாகக் கொண்டுவந்திருந்தார்.

"எண்ணி வாங்கினீங்களா?"

"எண்ணித்தான் சட்டைப்பையில போட்டேன்."

"அப்ப அந்த நூல்கடைக்காரன் கண்கட்டு வித்தை தெரிஞ்சவன். இருக்கட்டும், சாயங்காலம் வெச்சுக்கிறேன்."

அந்தச் சூடு ஆறுவதற்குள் மேலாளர் படியேறி வந்திருந்தார்.

அவர் கேட்டு வந்த கடனுக்கு ஒரு கதை உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் கெட்டித் துணி தைக்கும் பெரிய மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கினார்கள். பாதிக்கு மேல் கட்டியாயிற்று. பிறகு வேலை படுத்துவிட்டது, தவணை தவறியது. கடன் கொடுத்த கம்பெனியின் ஆட்கள் வந்து மெஷினைத் தூக்கினார்கள். அப்போது கத்திரி ஒரு சோபா உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கிய இடத்திலேயே நின்றது. உறையின் ஒரு நுனி மெஷினில், மறுநுனி அவள் கையில். அவர்களும் விடவில்லை, அவளும் விடவில்லை. படி முழுக்க அப்படியே இறங்கினார்கள். பார்த்தவர்கள் ஏதோ ஊர்வலம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். தெருமுனையில் துணி கிழிந்தது. கிழிந்த துணியின் விலையை வாடிக்கையாளருக்குக் கத்திரிதான் கொடுத்தாள்.

மெஷினை எடுத்துக்கொண்ட கம்பெனி அதன் விலையைக் கடனில் கழிக்கவில்லை. கொஞ்ச நாளில் கம்பெனியே இழுத்து மூடிக்கொண்டது. மூடும்போது வராத கடன்களையெல்லாம் மூட்டை கட்டி இன்னொரு கம்பெனிக்கு விற்றது. அது வேறொன்றுக்கு விற்றது. கடைசியில் பழைய பேப்பர் விலைக்கு மூட்டையை எடுத்தது மேலாளரின் நிறுவனம். இதற்குள் வட்டி குட்டி போட்டு, குட்டிகளுக்குக் கல்யாணமாகி, பேரன் பேத்தியும் பிறந்திருந்தார்கள். முதல் போன் வந்தபோது மெத்தைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சுழல் நாற்காலிக்கு உறை மாற்ற வந்த ஒரு வக்கீலிடம் கத்திரி கேட்டாள். அவர், உறை மாற்றும் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விளக்கினார்: "நம்ம சட்டப்படி கடனுக்கும் ஆயுசு உண்டும்மா. இத்தனை வருஷமா அவங்க கோர்ட்டுக்குப் போகல. நீங்களும் ஒண்ணும் கட்டல, ஒண்ணும் எழுதிக் கொடுக்கல. கடன் செத்துப்போச்சு. வந்து கேட்கலாம், கோர்ட்ல வாங்க முடியாது. ஆனா ஒண்ணு. நீங்களா மனசார ஒரு காசு கட்டினாலோ, ஆமா கடன்தான்னு ஒரு கையெழுத்துப் போட்டாலோ, செத்தது எழுந்து உட்கார்ந்துடும். அப்புறம் வட்டியோட வந்து கடையில இருக்கிறதைத் தூக்கிட்டுப் போவாங்க."

கடையில் இருந்தது ஒரு மெஷின். கத்திரி சிறுகச் சிறுகச் சேர்த்து, மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் எண்ணி வைத்து வாங்கியது. அதை இனி எவனும் படியிறக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாற்காலிக்குள்ளிருந்து மேலாளர் பேச்சைத் தொடர்ந்தார். பள்ளத்திலிருந்து வந்ததால் குரலுக்கு ஒரு கம்பீரம் கூடியிருந்தது.

"நாங்கள் பணம் கேட்டு வரவில்லை, அம்மா. உங்கள் கணவரின் மானத்தை மீட்டுக் கொடுக்க வந்திருக்கிறோம்."

எப்படியோ பையைத் திறந்து, கெட்டி அட்டை ஒன்றை மேலே நீட்டினார். அதில் தங்க எழுத்தில் 'நேர்மையாளர் நற்சான்றிதழ்' என்று இருந்தது. நான்கு மூலையிலும் நான்கு புறாக்கள்.

"அடையாளமாக ஒரே ஒரு காசு. அதைக் கட்டிவிட்டால் இந்தச் சான்றிதழ் ஐயாவுக்கு. எங்கள் அலுவலகச் சுவரில் ஐயாவின் போட்டோவும் இடம்பெறும்."

மெத்தை அமுங்கத் தொடங்கிவிட்டார். "போட்டோ நாங்க கொடுக்கணுமா சார், இல்ல நீங்களே எடுத்துக்குவீங்களா?"

"என்னங்க!" என்றாள் கத்திரி.

"சும்மா கேட்டேன்."

"ஒரு காசுதானே சார்," என்று கத்திரி மேலாளர் பக்கம் குனிந்தாள். "உங்க பையிலிருந்தே போட்டுக் கட்டிடுங்களேன். பேரும் உங்களுக்கே, புறாவும் உங்களுக்கே."

"அப்படிச் செய்ய முடியாதம்மா. கடன்பட்டவர் தம் கையால் கொடுக்க வேண்டும். அதில்தான் புனிதம் இருக்கிறது."

"எங்க மெஷினைத் தூக்கிட்டுப் போனப்ப அந்தப் புனிதம் எங்க போயிருந்துச்சு?"

"அது வேறு நிறுவனம்."

"அப்ப கடனும் அவங்ககிட்ட பட்டதுதானே? அவங்களைத் தேடிப் போங்க."

மேலாளர் மெத்தையை நோக்கித் திரும்ப முயன்றார். கழுத்து மட்டும் திரும்பியது. "ஐயா, நாலு பேர் நடுவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

"மொதல்ல நீங்க தலைநிமிருங்க, பார்ப்போம்," என்றாள் கத்திரி.

மேலாளர் நிமிரப் பார்த்தார். நாடாக்கள் விடவில்லை. கைப்பிடியை ஊன்றி எழுந்தார். நாற்காலியும் மரியாதைக்காகக் கூடவே எழுந்தது. கடைசியில் கத்திரி நாற்காலியின் பின்கால்களைப் பிடித்துக்கொள்ள, மெத்தை அவர் மேல் நன்றாகக் குனிந்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, வேர்ப்பிடித்த செடியைப் பிடுங்குவது போல ஆட்டி ஆட்டி இழுத்தார். மேலாளர் வெளியே வந்தார். டை முதுகுப் பக்கம் போயிருந்தது.

"மறுபடியும் வருவோம்," என்றார் வாசலில் நின்று.

"வாங்க வாங்க. நாற்காலி எங்கேயும் போயிடாது."

அவர் போனதும் மெத்தை, குலைந்த நாடாக்களைச் சரிசெய்ய உள்ளே கையை விட்டார். மூன்று சின்ன ஆணிகள் கிடைத்தன. ஒரு சீப்பு. ஒரு காசு.

இருக்கை இடுக்குகளில் ஊரே இருக்கும். பேனா மூடி, மாத்திரை, ஒற்றைக் கம்மல், சில்லறை. ஒரு முறை ஒரு பெரிய மனிதர் வீட்டுச் சோபாவில் பல் செட்டே கிடைத்தது. அந்த வீட்டில் யாருக்கும் பல் கட்டியிருக்கவில்லை என்று அடித்துச் சொன்னார்கள். மெத்தை ஒரு குண்டூசியைக்கூட வைத்துக்கொண்டது கிடையாது. எல்லாவற்றையும் உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அவர் வாழ்க்கையில் கர்வப்பட்டுக்கொண்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

ஆணி நம்முடையது என்று பையில் போட்டுக்கொண்டார். சீப்பையும் காசையும் எடுத்துக்கொண்டு, கத்திரி மெஷினில் உட்கார்ந்து முதுகைக் காட்டியிருந்த நேரத்தில், மேலாளரைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

மேலாளர் தெருமுனையில் ஒரு கடையின் கண்ணாடி முன் நின்று டையை முன்பக்கத்துக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார்.

"சார், உங்க சாமான். நாற்காலியில விழுந்துட்டுது."

சீப்பைக் கண்டதும் பையைத் தொட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டார். காசை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் ஒரு பக்தி படர்ந்தது.

"ஐயா, இதை நீங்களாகத்தான் கொடுக்கிறீர்களா?"

"நானாத்தான் சார்."

"யாரும் வற்புறுத்தவில்லையே?"

"சேச்சே. மனசாரக் கொடுக்கிறேன். என் வழக்கமே அதுதான்."

மேலாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். மெத்தை நெகிழ்ந்துபோனார். மூக்குக்கண்ணாடியைத் தம் கடையிலேயே விட்டு வந்ததால் படிக்கவில்லை. திரும்பி வந்து ரசீதை வெட்டுப் பலகை மேல் விரித்து வைத்தார்.

"பார்த்தியா? சீப்பைத் திருப்பிக் கொடுத்ததுக்குக்கூட ரசீது தர்றாங்க. கம்பெனின்னா இப்படி இருக்கணும். நீ என்னமோ அந்த மனுஷனை..."

கத்திரி வாய்விட்டுப் படித்தாள். "கடன் கணக்கில், கடனாளி மனமுவந்து நேரில் செலுத்திய முதல் தொகை, ஒரு காசு."

அவள் பார்வை மெஷினுக்குப் போயிற்று. ஊசி பாதித் துணியில் இறங்கி நின்றிருந்தது.

"அவர் காசைத்தானே அவர்கிட்ட கொடுத்தேன்," என்றார் மெத்தை.

"செத்ததை எழுப்பி, முகம் கழுவி, கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"அவர் காசுன்னு இப்ப என்கிட்ட சொன்னீங்க இல்ல, அதை அங்க வந்து சொல்லணும். செருப்பைப் போடுங்க."

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ. காணாமல் போனவர்களைத் தேடும் அறிவிப்புப் பலகை போலிருந்தது. அதற்குக் கீழே நீளமான ரெக்சின் சோபா ஒன்றில், அடுத்துச் சுவரேறப் போகிறவர்கள் ஆளுக்கொரு காசோடு காத்திருந்தார்கள். ஒரு பஸ் டிரைவர், ஒரு சலவைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை.

மேலாளர் மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். அந்த நாற்காலிக்கு அடிப்பாகம் நன்றாக இருந்தது.

"காலையில எங்க வீட்டுக்காரர் கொடுத்தது உங்க காசு," என்றாள் கத்திரி. "உங்க பேன்ட்டிலேர்ந்து விழுந்தது. ரசீதைக் கிழிங்க."

"கணக்கில் ஏறியது ஏறியதுதான்."

"உங்க காசுக்கு எங்க பேர்ல எதுக்கு ரசீது?"

"அம்மா, அது உங்கள் நாற்காலியில் இருந்தது." மேலாளர் எழுந்து நின்றார், மேடை கிடைத்தால் உட்கார்ந்து பேசுகிற ஆள் இல்லை. "ஒரு பொருள் எவருடைய இருக்கையில் விழுகிறதோ, அது அவருக்கே சொந்தம். இதுவே எங்கள் நிறுவனத்தின் நிலைப்பாடு. உங்களுக்குச் சொந்தமானதைத்தான் ஐயா எங்களுக்குக் கொடுத்தார்."

"நிலைப்பாடா?"

"அசைக்க முடியாத நிலைப்பாடு."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" கத்திரி திரும்பினாள். "கொஞ்சம் எழுந்திரிங்க. ஐயா, நீங்களும்தான்."

அவர்கள் எழுந்தார்கள். கத்திரி சோபாவின் முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே முழங்கை வரை கையை விட்டாள். துழாவினாள். தொழில் தெரிந்த கை. இழுத்து இழுத்து மேலாளரின் மேஜை மேலேயே வைத்தாள். ஒரு பிடி சில்லறை. ஒரு பேனா. இரண்டு பொத்தான். ஒரு சாவி. மாத்திரை அட்டை. பாதி உருகிய மிட்டாய்.

"ஐயோ, என் பேனா!" என்றார் தலைமையாசிரியை. "போன வாரம் இங்க வந்தப்பதான் தொலைச்சேன். பிரிவுபசாரத்துல கொடுத்தது."

"அந்தச் சாவி என்னோடது!" பஸ் டிரைவர் பாய்ந்தார். "அதுக்காக வீட்டுப் பூட்டையே உடைச்சேன்யா நான்!"

கத்திரி குறுக்கே கை நீட்டினாள். "தொடாதீங்க. சோபா கம்பெனியோடது. அதுல விழுந்ததெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். சார் நிலைப்பாடு. அசைக்க முடியாதாம்."

"என்னது?" என்றார் சலவைக்கடைக்காரர். அவர் கைகள் பெரிய கைகள். வருஷக்கணக்காக ஈரப் போர்வை பிழிந்தவை. "நான் உட்கார்ந்து எழுந்தா என் சில்லறை இவங்களுக்கா?"

"மாணவன் சொல்ற மாதிரி சொல்லாதீங்க சார்," என்று தலைமையாசிரியை மேலாளரைப் பார்த்து விரலை ஆட்டினார். "பக்கத்துப் பையன் பேனா என் பெஞ்சுல விழுந்தது, அதனால எனக்குத்தான்னு. முட்டி போட வெச்சிருக்கேன் அதுக்கெல்லாம்."

மூன்று பேரும் மேஜையை நெருங்கினார்கள். அசைக்க முடியாத நிலைப்பாடு ஓரடி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. ஒரு சான்றிதழ் கோணலாயிற்று.

"தவறாகப் புரிந்துகொண்டீர்கள்," என்றார் மேலாளர். "எங்கள் நிறுவனம் வாடிக்கையாளரின் உரிமையைப் போற்றுகிற நிறுவனம். விழுந்த பொருள், சந்தேகத்துக்கு இடமில்லாமல், விழவிட்டவருக்கே சொந்தம். எடுத்துக்கொள்ளுங்கள்."

"விழவிட்டவருக்கே?"

"விழவிட்டவருக்கே."

"எந்த இருக்கையா இருந்தாலும்?"

"எந்த இருக்கையாக..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப காலையில எங்க நாற்காலியில விழுந்தது உங்க காசு," என்றாள் கத்திரி. "உங்க காசை வெச்சு எங்க செத்த கடனை எழுப்பியிருக்கீங்க. மீதியையும் நீங்களே கட்டிடுங்க. தவணையில வேணும்னாலும் கட்டுங்க, நாங்க நெருக்க மாட்டோம்."

"அது என்னம்மா செத்த கடன்?" என்று கேட்டார் தலைமையாசிரியை, சாவகாசமாக.

கத்திரி சொன்னாள். வக்கீல் சொன்னதை அப்படியே, மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். பஸ் டிரைவர் விரல்விட்டு வருஷங்களை எண்ணினார்; ஒரு கை போதவில்லை. சலவைக்கடைக்காரர் உள்ளங்கையில் வைத்திருந்த காசைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். காசு மெதுவாகப் பைக்குத் திரும்பியது.

"அம்மா, கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே," என்றார் மேலாளர்.

"ரசீது கிழியற வரைக்கும் என் தொண்டை இப்படித்தான் இருக்கும்."

ரசீது கிழிந்தது. அதோடு விடவில்லை கத்திரி. 'மேற்படி காசு என்னுடைய பையிலிருந்து விழுந்த என்னுடைய காசு, சோபா கடைக்காரர் எதுவும் செலுத்தவில்லை' என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கினாள். மேலாளர் அந்தக் காசை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து, கசப்பு மருந்து போலப் பார்த்தார்.

"இதையும் எடுத்துப் போங்கள்."

"எங்களுக்கு எதுக்கு? ஊரான் காசு எங்களுக்கு ஒட்டாது," என்றாள் கத்திரி. "உங்க பையிலயே போட்டுக்கோங்க. பார்த்து, விழுந்துடப் போகுது."

அவர்கள் படியிறங்கும்போது மேலே சுவரிலிருந்து சான்றிதழ்கள் கழலும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியை, போன வாரம் கொடுத்த தன் போட்டோவைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தெருவில் மெத்தையின் நெஞ்சு விரிந்திருந்தது. "நேர்மைதான் ஜெயிச்சுது பார்த்தியா? அவர் காசை நான் வெச்சுக்கிட்டிருந்தா, இன்னைக்கு நீ இப்படிப் பேசியிருக்க முடியுமா?"

"ஆமாமா. உங்க நேர்மைக்குத்தான் மூணு மாடி ஏறினேன்."

அந்த வேகத்திலேயே அவள் நூல்கடைக்குள்ளும் நுழைந்தாள். "ஏங்க, காலையில எங்க வீட்டுக்காரர் வெள்ளந்தியா நின்னார்னு ஒரு காசு குறைச்சுக் கொடுத்திருக்கீங்க. இன்னைக்கு ஒரு கம்பெனியையே உலுக்கிட்டு வர்றேன், உங்க கடை எனக்கு எம்மாத்திரம்?" நூல்கடைக்காரர், எண்ணித்தான் கொடுத்ததாக ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்ல அவள் இடம் கொடுக்கவில்லை. கடையில் நாலு பேர் வேறு நின்றிருந்தார்கள். அவர் முகம் சிவந்து, ஒரு காசை எடுத்து நீட்டினார். கத்திரி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கடைக்கு வந்ததும் மெத்தை சுத்தியலை எடுத்தார். இன்றைக்கு அந்த நாற்காலிக்கு விடிவு பிறந்தே ஆக வேண்டும் என்றார். குனிந்து முதல் நாடாவை இழுத்தபோது, அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு ஆணி தரையில் விழுந்து உருண்டது. பின்னாலேயே இன்னொன்று.

"கழற்றுங்க அந்தச் சட்டையை," என்றாள் கத்திரி.

சட்டையை மெஷினுக்கு எடுத்துப் போனாள். மெஷின் தன் இடத்திலேயே இருந்தது. பையை உள்வெளியாகத் திருப்பினாள். அடித்தையல் பிரிந்து, இரண்டு விரல் போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது.

அவள் அதை இரட்டைத் தையலாகத் தைத்தாள். கணவரிடம் எதுவும் சொல்லவில்லை.

நூல்கடைக்காரர் காலையில் மீதியைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார்.